ஐந்து நிமிடம் எழுந்திருக்க விடுங்க!

'காலையிலே அரை மணி நேரம் நடங்கம்மா...' சர்க்கரைக்கும், ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எழுதித் தரும் டாக்டர்கள், தவறாமல் சொல்லும் யோசனை இது. நல்ல யோசனை தான். ஆனால், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு காலை நேரம் ஏது? தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை பள்ளிக்கு அனுப்பி, பஸ்சைப் பிடிக்க ஓடவே பொழுது சரியாக இருக்கிறது. அவளுக்கு உடம்பை அசைக்க நேரம் கிடைக்க வேண்டும் என்றால், அது வேலை நேரத்தில் தான் கிடைக்க வேண்டும்.

'நாள் பூரா பாடுபடுறவளுக்கு உடற்பயிற்சி எதுக்கு?' என சிலர் கேட்பர். கம்பம் திராட்சைத் தோட்டத்திலும், ஜீப்பில் மலையேறிப் போய் கேரள எஸ்டேட்டிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களைப் பாருங்கள். சலித்து, சைஸ் வாரியாகப் பிரித்த காயில், வெடித்ததையும், நிறம் மங்கியதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். கண்ணுக்கும், விரலுக்கும் ஓயாத வேலை. இடுப்பும், காலும் மணிக்கணக்கில் அசைவதில்லை. தையல் மிஷினிலும், கம்ப்யூட்டர் முன்பும் உட்காருகிறவர்கள் கதையும் இதே தான்.

ஜவுளிக் கடைகளில் நேர் எதிர். நாள் முழுக்க நின்று, கால் வீங்கிப் போகிறது. அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என, 2021ல் தமிழக அரசு சட்டமே கொண்டு வந்தது. நிற்பவர்களுக்கு உட்கார வழி பிறந்தது போல, உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு எழுந்திருக்க ஒரு வழி வேண்டாமா?

அதே ஆண்டில், வேலைக்கு நடுவே செய்யக்கூடிய ஐந்து நிமிட யோகாவுக்காக, மத்திய ஆயுஷ் அமைச்சகம் மொபைல் போன் செயலி ஒன்றை வெளியிட்டது. உட்காரும் நேரத்தைக் குறையுங்கள், கொஞ்ச நேர அசைவும் நல்லதே என, 2020ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. ஆபீசுக்கு நல்லது, ஏலக்காய் கோடவுனுக்கும் நல்லது தானே!

இதற்கு பெரிய செலவு ஒன்றும் இல்லை. மணிக்கு ஒரு முறை மணி அடித்து, எல்லாரையும் எழுந்து, கை, காலை நீட்டி, நாலு எட்டு நடக்கச் சொல்லலாம். டீயை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டு வராமல், எழுந்து போய் குடிக்க விடலாம். தண்ணீர்க் குடத்தை தள்ளி வைக்கலாம். கூடவே, கழிப்பறையும் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எந்தப் பெண் தண்ணீர் குடிப்பாள்?

முக்கியமான விஷயம், கூலி. கிலோ கணக்கில் கூலி என்றால், எழுந்து போகும் நேரம் கைக்காசு போகும் நேரமாகி விடும். பிறகு யார் எழுவார்கள்? ஆகவே, அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்தே கூலி தர வேண்டும். முழங்கால் வலித்து, லீவு போட்டு வீட்டில் படுத்தால், முதலாளிக்கும் நஷ்டம் தானே?

முதலாளிமார்களே... கொஞ்சம் மனசு வைப்பீர்களா?

- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.