தென்னங்குற்றிக்கு முன்னால் பீரங்கி

கொழும்பில் கோட்டை என்ற பெயரில் புகையிரத நிலையம் இருக்கிறது, கோட்டை இல்லை. 1869 இல் ஆங்கிலேயர் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். டெல்ஃப்ட் வாசல் போன்ற சில துண்டுகளே மிச்சம். அந்தக் கல்மதிலைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதை எதிர்த்தும், மலைநாட்டு எல்லைகளிலும் மரத்தாலும் மண்ணாலும் எழுந்த அரண்களைப் பேசுவோர் குறைவு. பீரங்கிக்கு முன்னால் மரம் எம்மாத்திரம் என்ற ஏளனமே காரணமாக இருக்கலாம். நடந்த போர்கள் வேறு கதை சொல்கின்றன.

போர்த்துக்கீசர் இங்கே முதற்கோட்டையை 1518 இல் கட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் லோப்போ டி பிரிட்டோ வந்து அதைக் கல்லும் சுண்ணாம்புமாகத் திருப்பிக் கட்டவேண்டியிருந்தது. அதையடுத்த முற்றுகையில் கோட்டே அரசின் படை தென்னங்குற்றிகளை அடுக்கி அரண் அமைத்து, அதன் மறைவிலிருந்து சுட்டது. கல்லுக்குள் இருந்தவர்கள் ஐந்து மாதம் வெளியே வரமுடியாமல் தவித்தார்கள். கொச்சியிலிருந்து உதவிக் கப்பல் வந்த பிறகே முற்றுகை கலைந்தது.

தென்னை நார் மரம். தேக்கோ பலாவோ குண்டு பட்டால் சிம்பு சிம்பாகப் பிளந்து பறக்கும். அந்தச் சிம்புகளே ஆளைக் கொல்லும். தென்னையில் குண்டு புதைந்து நின்றுவிடும். 1776 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் சல்லிவன் தீவிலும் இதுவே நடந்தது. பனை இனக் குற்றிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே மணல் நிரப்பிய அரைகுறைக் கோட்டை, பிரித்தானியப் போர்க்கப்பல்களை நாள் முழுக்கத் தாங்கியது. கரையோரமெங்கும் தென்னை நின்ற நம் நாட்டில் இதைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

மரத்தின் பகைவர்கள் நெருப்பும் ஈரமும் கறையானும். சில ஆண்டுகளுக்கொரு முறை குற்றியை மாற்றவேண்டும். ஆனால் மாற்றுவதற்குக் காடு பக்கத்திலேயே இருந்தது.

கண்டி இராச்சியம் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தது. கணவாய்களில் முள்வாசல் வைத்துக் காவல் போட்டிருந்ததை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் விவரித்திருக்கிறார். பெரும் பீரங்கி வந்து நின்றால் முள்வாசல் ஒரு நாளும் தாங்காது. கண்டிக்கு ஏறும் பலனைக் கணவாய் வரைக்கும் அந்தப் பீரங்கியை யார் இழுத்துவருவது? 1630 இல் ரந்தெனிவலவில் மழை பெய்து போர்த்துக்கீசரின் வெடிமருந்து நனைந்தது, படையே அழிந்தது. 1803 இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயரைக் காய்ச்சலும் பட்டினியும் தின்றன. அங்கிருந்த படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் டேவி ஜூன் மாதம் சரணடைந்தார். அதே ஆண்டில் தம்பதெனியவில் ஒரு சிறு ஆங்கிலப் படை, மண்ணையும் சுள்ளிக்கட்டையும் அரிசி மூட்டைகளையும் அடுக்கிக்கொண்டு, கொழும்பிலிருந்து உதவி வரும்வரை தாக்குப்பிடித்தது. ஏளனம் செய்தவர்களுக்கும் அவசரத்தில் கைகொடுத்தது அரிசி மூட்டைதான்!

தமிழகத்தில் பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையும் அப்படித்தான் நின்றது. 1801 மார்ச் இறுதியில் வந்த ஆங்கிலேயரின் தாக்குதலை முறியடித்தது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பின், மே 24 அன்று வீழ்ந்தது.

கல்மதிலும் குண்டால் மட்டும் விழுந்ததில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போகக்கூடிய புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கொழும்பு முற்றுகையை நடத்தி 1656 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டினுடையது. அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போகும் அவசரத்தில் அவரை யார் நினைக்கிறார்கள்! அவருடைய பீரங்கிகள் மாதக்கணக்கில் முழங்கியும், உள்ளே பசியும் நோயும் முற்றிய பிறகே, மே 12 அன்று போர்த்துக்கீசர் கோட்டையைக் கையளித்தார்கள். சுவர் எதனால் ஆனது என்பதை விட, சோறும் மருந்தும் எந்த வழியால் வரும் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது. கொழும்புக்கு அந்த வழி கடல். கண்டிக்கு ஒற்றையடிப் பாதை.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபோதும் முள்வாசல்களைச் சுட்டுத் தகர்க்கும் வேலை அவர்களுக்குப் பெரிதாக இருக்கவில்லை. எஹலப்பொல முதலான பிரதானிகள் ஏற்கனவே அரசனைக் கைவிட்டிருந்தார்கள். ஆனாலும் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் செய்த வேலையைப் பாருங்கள்: புதுக் கோட்டையைக் காட்டிலும் கொழும்பு–கண்டி வீதிக்கே முதலிடம் கொடுத்தார், கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து. 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தபோது படை அங்கே விரைந்து போய்ச் சேர்ந்தது. சில நாட்களில் சண்டை அடங்கிவிட்டது.