பரணில் தூங்கும் ஜப்பான்காரர்

உங்கள் வீட்டுப் பரணில், பழைய பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு மரப்பெட்டி கிடக்கிறதா? உள்ளே கம்பிகள், கம்பிகளுக்கு மேலே டைப்ரைட்டர் மாதிரி பட்டன்கள் இருந்தால், அது புல்புல்தாரா. பாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் தாங்களாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்ட வாத்தியம்.

பேர்தான் நம்மூர்ப் பேர், பிறந்த ஊர் ஜப்பான். 1912-ல் நகோயா நகரத்தில் மொரிட்டா கோரோ என்ற இசைக்கலைஞர் இதை உருவாக்கினார். வெளிநாட்டுப் பயணத்தில் பார்த்த டைப்ரைட்டர்தான் அவருக்கு யோசனை கொடுத்தது. அந்த ஆண்டுதான் ஜப்பானில் தைஷோ பேரரசரின் காலம் தொடங்கியது. அதனால் 'தைஷோகோட்டோ' என்று பெயர் வைத்தார். கப்பலேறி வந்து வட இந்தியாவில் 'புல்புல் தரங்' ஆனது, பலுசிஸ்தானில் 'பெஞ்சு' ஆனது.

பெயரில் இருக்கும் 'கோட்டோ' ஜப்பானின் பாரம்பரியத் தந்தி வாத்தியம். கிட்டத்தட்ட 6 அடி நீளம், 13 தந்திகள். ஒவ்வொரு தந்திக்கும் கீழே நகர்த்தக்கூடிய ஒரு குதிரை இருக்கும், அதை நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பார்கள். வலது கையின் மூன்று விரல்களில் நகம் போன்ற மீட்டிகளை மாட்டிக்கொண்டு மீட்டும்போது, இடது கை தந்தியை அழுத்தி ஸ்வரத்தை வளைக்கும். வீணை வாசிப்பவர்கள் பார்த்தால், 'அட, நம்ம கமகம்!' என்பார்கள்.

புல்புல்தாராவில் இல்லாதது அதுதான். இங்கே விரல் தந்தியைத் தொடுவதே இல்லை. பட்டனை அழுத்தினால் ஓர் இடத்தில் தந்தி நிற்கும், அந்த ஸ்வரம் மட்டும் பேசும். வயலினும் மாண்டலினும் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். ஆனால் அவற்றில் விரல் தந்தி மேல் நேரடியாகப் படுகிறது. அதனால்தான் யு.ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் கச்சேரியே செய்ய முடிந்தது. புல்புல்தாராவில் தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்துக் காட்டச் சொன்னால், பாவம், அது என்ன செய்யும்!

அப்படியென்றால் முறையாகக் கற்க எங்கே போவது? தமிழகத்தின் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் ஒன்று பெரம்பலூரில் இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் என மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்புகள். அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளும் பஸ் ஏறி வந்துவிடலாம். சேர்க்கை வயது 12 முதல் 25 வரை. பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு, தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் 25 தாண்டியவர்கள்? கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு மருந்து என்று நாள் ஓடி, 40 வயதில் 'ஒரு வாத்தியமாவது கற்றுக்கொண்டிருக்கலாமே' என்று நினைக்கும் அக்காக்களுக்கு அந்தக் கதவு திறக்காது. இத்தனைக்கும் இது சங்கீதம் தெரியாத சீமை அல்ல. உடையார்பாளையம் ஜமீனில்தான் கனம் கிருஷ்ணையர் ஆஸ்தான வித்வானாக இருந்தார். அவரிடம் குருகுலமாக இருந்து பாடம் கேட்டவர் உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர். குருகுலவாசத்துக்கு இப்போது யாருக்கு நேரம்? அதனால் பரண் பெட்டியை இறக்குங்கள்.

முதல் வேலை, துருப்பிடித்த கம்பிகளை மாற்றுவது. பழைய கம்பியை முறுக்கினால் அறுந்து கையில் அடிக்கும், ஜாக்கிரதை. ராகம் வாசிக்கும் கம்பிகளை எல்லாம் ஒரே ஸ்வரத்துக்குச் சேர்த்து, அதை 'ஸ' என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் சுருதிப்பெட்டி ஆப் இருந்தால் போதும். பக்கத்தில் இருக்கும் சுருதிக் கம்பிகளை ஸ, ப என்று சேருங்கள்.

பட்டன்களில் அச்சடித்திருக்கும் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நம்ப வேண்டாம். இரண்டு வரிசையையும் சேர்த்து, ஒலி ஏறும் வரிசையில் எண்ணுங்கள். எதையும் அழுத்தாமல் மீட்டினால் ஸ. சரளி வரிசைக்கான மாயாமாளவகௌளையில் ரி 1-வது பட்டன், க 4, ம 5, ப 7, த 8, நி 11, மேல் ஸ 12. இடது கை பட்டனை முழுக்க அழுத்திய பிறகுதான் வலது கை மீட்ட வேண்டும். அரைகுறையாக அழுத்தினால் 'டப்'பென்று மரத்தைத் தட்டிய சத்தம்தான் வரும். முதல் பத்து நாளும் அதுதான் கேட்கும், வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

கை பழகியதும் கீர்த்தனைக்குத் தாவ வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுங்கள். மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த, கமகம் தேவைப்படாத சிறு பாடல்கள். சங்கராபரண ஸ்வரங்கள்: ரி 2, க 4, ம 5, ப 7, த 9, நி 11. இந்த வாத்தியத்துக்கென்றே செய்தது போல உட்காரும்.

ஜப்பானில் இன்றும் தைஷோகோட்டோவை அதிகம் வாசிப்பவர்கள் நடுத்தர வயதுப் பெண்களும் முதியவர்களும்தான். குழுவாகச் சேர்ந்து, எண்களைப் பார்த்தே வாசிக்கிறார்கள். நம் தெருவிலும் நாலு பரண்களில் நாலு பெட்டிகள் இருக்கலாம். கேட்டுப் பாருங்களேன்.