பேர் விழாத வேலை

ஹட்டன், நுவரெலியா பகுதிகளிலிருந்து வரும் செய்திகளைச் செப்பனிட்டுப் பக்கத்தில் இடும் பணியில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் செலவிட்டிருக்கிறேன். அக்காலத்தில் என் மேசைக்கு மிகுதியாக வந்த படங்கள் எவை என்று எவரேனும் வினவினால், வேலைநிறுத்தப் படங்களும் அல்ல, மண்சரிவுப் படங்களும் அல்ல என்பேன். தையல் இயந்திரம் வழங்கும் படங்களே அவை. மாலையணிந்த பிரமுகர் ஒருவர். இயந்திரத்தின் மீது அவரது கை. மறுபுறத்தில் தலைகுனிந்து நிற்கும் ஒரு பெண். படத்தின் கீழ் இடவேண்டிய வாசகம் எனக்கு மனப்பாடம். சுயதொழில் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் பயனாளி ஒருவருக்குத் தையல் இயந்திரம் வழங்கப்படுவதைப் படத்திற் காணலாம். பிரமுகரின் பெயரும் பதவியும் பிழையின்றி வந்திருக்கின்றனவா என்று இருமுறை சரிபார்ப்போம். அந்தப் பயனாளியின் பெயரை நான் ஒருமுறையேனும் விசாரித்ததில்லை.

இதை இப்போது எழுதத் தூண்டியவர் என் மூத்த அக்கா. மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் கோயிலுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தம்மை ஒப்புக்கொடுத்துவிடுவது நமது பக்கத்து வழக்கம். அக்காவோ ஒரு துணிப்பையில் நான்கைந்து மரவளையங்கள், நூற்கட்டைகள், எண்ணெய்க் குப்பி, ஸ்குரூ ட்ரைவர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் தோட்டம் தோட்டமாகப் போகத் தொடங்கினார். தலவாக்கலை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று அவரது வட்டம் விரிந்தது. அவர் கற்பிப்பது உடை தைப்பதன்று. சாதாரணக் கால்மெசினில் செய்யும் பூத்தையல். எம்ப்ராய்டரி என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

கையால் செய்வதே பூத்தையல், இயந்திரத்தால் செய்வது கலையாகாது என்று கருதுவோர் உளர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அக்காவின் வகுப்பில் ஒருநாள் அமர்ந்திருந்தபோது அந்த எண்ணம் போயிற்று. முதலில் துணியை அழுத்திப் பிடிக்கும் ‘பூட்’டைக் கழற்றிவிடுகிறார்கள். அடியில் துணியை முன்னே தள்ளும் பற்களைத் தாழ்த்துகிறார்கள். தாழ்த்த முடியாத பழைய மெசினாயின் ஒரு தகட்டால் மூடிவிடுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து மெசினுக்கு வழி தெரியாது. ஊசி மேலும் கீழும் போய்வரும், அவ்வளவே. துணியை வளையத்திற் பூட்டி இரு கைகளாலும் நகர்த்துபவர் எங்கே கொண்டுபோகிறாரோ அங்கேதான் கோடு விழும். கால் ஒரே சீராக மிதிக்கவேண்டும். கை காலுக்கு ஒத்துப்போகவேண்டும். கை முந்தினால் தையல் நீண்டு நூல் அறுகிறது. கால் முந்தினால் ஒரே இடத்தில் நூல் குவிந்து கட்டியாகிறது. இதழ் ஒன்றை நிரப்புவதற்கு வளையத்தை இடமும் வலமுமாகச் சிறு அசைவுகளில் ஆட்டவேண்டும். பென்சில் அசையாதிருக்கத் தாளை நகர்த்திப் படம் வரைவதை எண்ணிப் பாருங்கள். கணினியில் வடிவத்தை ஏற்றிவிட்டால் வளையம் தானே நகர்ந்து தைத்துத் தரும் இயந்திரங்கள் இன்று உண்டு. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் இந்தப் பழைய மெசினில் செய்வது வேறு வகையான காரியம்.

சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877 இல். தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. தவணைமுறையில் பொருள் விற்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. பூத்தையலையும் அது தன் விற்பனைக்கு நன்கு பயன்படுத்திக்கொண்டது. அதன் இலண்டன் பூத்தையல் கூடத்தில் பணியாற்றிய டொரதி பென்சன் போன்றவர்கள் வீட்டு மெசினிலேயே இக்கலையைச் செய்யலாம் என்று கற்பித்தும் எழுதியும் வந்தனர். இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகள்கூட 1924 இல் ‘யங் இந்தியா’வில் வெளியான உரையாடலொன்றில் தையல் மெசினுக்கு விலக்களித்தார். தன் மனைவி ஊசியும் கையுமாய்ப் படும் பாட்டைக் கண்டு இரங்கியே சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் கூறிய காரணம். சிங்கரின் இல்லற வரலாற்றை அறிந்தவர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். அம்மனிதர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை நடத்தியவர். ஆயினும் காந்தியடிகள் சொல்லவந்தது சரியே. இலாபத்தைவிட, உழைப்பவளின் களைப்பை முதலில் நினைத்த இயந்திரம் என்பதே அவர் அதற்கு அளித்த மதிப்பு. மூன்று ஆண்டுகளின் பின், 1927 இல், கதர் நிதி திரட்ட அவர் இலங்கைக்கு வந்து சென்றார்.

நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன். தோட்டப் பெண்ணுக்குத் தையல் கற்பிக்கும் எந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் முதற் கேள்வி, இதனால் மாதம் எவ்வளவு உழைக்கலாம் என்பதே. கேள்வியில் தவறில்லை. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று நிர்ணயமாவதற்கு எத்தனை ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது என்பதையும், அதன் பின்னும் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேர்தான் என்ற நிலை இருந்ததையும் அறிந்தவர்கள் வருமானத்தை இளக்காரமாகப் பேசமாட்டார்கள். ஆனால் அதுவே ஒரே கேள்வியாகிவிடும்போது அந்தப் பெண்ணைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அவளுக்குத் தேவைகள் இருக்கலாம், விருப்பங்கள் இருக்கமுடியாது என்பதே அம்முடிவு. கொழும்பில் ஓர் அம்மையார் பூத்தையல் செய்தால் அது பொழுதுபோக்கு. நுவரெலியா பங்களாவில் அந்நாளைய துரைசாணி செய்தபோது அது இரசனை. லயத்துப் பெண் செய்தால் மாத்திரம் அது சுயதொழில் ஊக்குவிப்பு.

பொழுதுபோக்குவதற்கு முதலில் பொழுது வேண்டுமே என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்கு ஏறி, மாலையில் நிறுத்துக் கொடுத்து, விறகும் தண்ணீரும் சுமந்து வீடு சேரும் பெண்ணுக்குப் பொழுது எங்கே? அக்கா விவாதம் செய்பவரல்லர். ‘வந்து பார்’ என்றார்.

போய்ப் பார்த்தேன். தோட்டத்துப் பொதுக்கட்டடம் ஒன்றில் பதினொரு பெண்கள். மூன்று மெசின்கள். முறை வைத்துக்கொண்டு தைத்தார்கள். முறை வராதவர்கள் துணியில் கார்பன் தாள் வைத்துப் படம் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதை நெருங்கிய ஒருவர் தலையணை உறையில் மிளகாய்ச் செடி ஒன்றைத் தைத்தார். ரோஜாப்பூ, அன்னப்பறவை ஆகியவை அச்சிட்ட மாதிரிகளில் இருந்தும் அவர் அவற்றைத் தொடவில்லை. ‘எங்க காம்பரா பின்னால நட்டது டீச்சர், நல்லாக் காய்ச்சது. போன மழையில மண்ணோட போயிருச்சு’ என்றார். விற்பதற்கா என்று நான் கேட்டேன். பழக்கதோஷம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘என் தலைக்கு வைக்க’ என்றார்.

தோட்டத்தில் வேலைக்குப் ‘பேர்’ போடுவார்கள். முழுப்பேர் உண்டு, அரைப்பேர் உண்டு. இந்த மிளகாய்ச் செடிக்கு எந்தக் கணக்கப்பிள்ளையும் பேர் போடப்போவதில்லை. அவருடைய நாளில் அப்படிப் பேர் விழாத வேலை எத்தனையோ இருக்கிறது. சமையலும் விறகும் தண்ணீரும் அவ்வகைதான். ஆனால் அவராக விரும்பித் தேர்ந்துகொண்டது இது ஒன்றே என்று எனக்குத் தோன்றியது.

வெளியிலிருந்து ஒருவர் தோட்டத்துக்குள் வந்து எதையேனும் கற்பிப்பது மலையக வரலாற்றில் சிறிய விடயமன்று. தோட்டத்துக்குள் அந்நியர் நுழைய முடியாதிருந்த காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டம் கூட்டமாகச் சென்று பாடிப் பாடியே மக்களிடம் அரசியலை எடுத்துச் சென்றார். அவர்களோடு அக்காவை ஒப்பிட்டால் அக்காவே என்னைக் கண்டிப்பார். துணிப்பையோடு வரும் ஒருவரைக் கண்டால் லயத்துப் பெண்களிடம் தோன்றும் ஆவல் பழையது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அக்காவின் வகுப்புகளைவிட அவரது பயணங்களே சுவையானவை. பையிலிருந்து வளையத்தின் விளிம்பு வெளியே தெரிந்தால் போதும். யாராவது ஒருவர் பேச்சுக் கொடுத்துவிடுவார். 2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில், அவ்வாண்டு நவம்பரில் டித்வா புயல் வந்து மலைநாட்டையும் அதன் ரயில் பாதையையும் சிதைப்பதற்கு முன்னர், நானுஓயாவிலிருந்து ஹட்டனுக்கு நாங்கள் இருவரும் ரயிலில் வந்தோம். எதிரே அமர்ந்திருந்த வெலிமடைச் சிங்களப் பெண்மணி வளையத்தைக் கண்டதும் கைத்தொலைபேசியைத் திறந்து தாம் தைத்த மேசைவிரிப்பின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்காவின் சிங்களம் கடைத்தெருவோடு நின்றுவிடும். அவருக்கோ தமிழ் அறவே வராது. பொபின், பிரேம், நூல் இறுக்கம் என்று விரல்களாலேயே பேசிக்கொண்டார்கள். அடிநூல் மேலே எட்டிப் பார்ப்பதற்கு மருந்து, பொபின் கேஸின் சிறு திருகாணியைக் கால் சுற்று முடுக்குவது என்பதை அக்கா கட்டைவிரல் நகத்தால் செய்துகாட்டினார். ஜன்னலுக்கு வெளியே கிரேட் வெஸ்டர்ன் மலை நின்றது. உல்லாசப் பயணிகள் கதவில் தொங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் தலைநிமிரவேயில்லை. ஹட்டனில் இறங்கும்போது அந்தப் பெண்மணி இரண்டு நூற்கட்டைகளை அக்காவின் பையில் போட்டுவிட்டார். இன நல்லிணக்கம் பற்றி நான் எழுதிய தலையங்கங்களின் எண்ணிக்கை எனக்கே நினைவில்லை. அவற்றில் எதுவும் ஒரு பொபினளவு பயன் செய்ததா என்பது ஐயமே.

தலவாக்கலைக் கடைவீதியில் முதிய தையற்காரர் ஒருவர் இருக்கிறார். பகலில் பாடசாலைச் சீருடை. கடை அடைத்தபின் ஒரு மணிநேரம் தமக்காக மயில் தைக்கிறார். ஒரே மயிலை இரண்டு ஆண்டுகளாக. நோர்வூட் பக்கத்தில் ஓர் இளைஞன், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவன், அக்காவின் வகுப்பில் சேர்ந்த முதல் ஆண். அங்கே நாள் முழுவதும் காற்சட்டைப் பையின் ஒரு பக்கத்தை மாத்திரம் தைத்தானாம். ‘முழுசா ஒரு சாமானை நான் தைச்சதே இல்ல டீச்சர்’ என்று அவன் சொன்னதை அக்கா அடிக்கடி நினைவுகூர்வார்.

இனி என் கடனைப் பற்றி. பழைய படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, 1998 இல் வெளியானது, அந்தத் தோட்டத்துக்கு இருவரும் போனோம். விசாரித்ததில் அந்தப் பெண் அதே லயத்தில் இருந்தார். மெசினும் இருந்தது. அதன் பலகை மீது தொலைக்காட்சிப் பெட்டி. இழுப்பறையில் மருந்துச் சீட்டுகளும் பிறப்புச் சான்றிதழ்களும். பயிற்சி மூன்று மாதம் நடந்ததாகவும், சான்றிதழ் கிடைத்ததாகவும், அடுத்த மழைக்காலத்தில் மெசின் இறுகிப்போனதாகவும் சொன்னார். திருத்துவதற்கு ஹட்டனுக்குத் தூக்கிச்செல்ல வாகனக் கூலி இல்லை. ஊசி முறிந்தால் வாங்கவும் பஸ் ஏறவேண்டும். இயந்திரம் கொடுத்த நிறுவனத்திலிருந்து பிறகு யாரும் வரவில்லை. பத்திரிகையிலிருந்தும்தான் என்று அவர் சொல்லவில்லை. நானே சேர்த்துக்கொண்டேன்.

தொலைக்காட்சியை இறக்கிவைத்தோம். அக்கா மூடியைக் கழற்றித் துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தார். தோல்வார் காய்ந்து வெடித்திருந்தது. அதற்குப் பதில் கயிறு கட்டிப் பார்த்தார். முக்கால் மணிநேரம் கழித்து ஊசி அசைந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அசையாதிருந்த பொருள்.

2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரத்தை எட்டியபோதும் கால்மெசின்கள் நிற்கவில்லை என்று அக்கா பெருமையாகச் சொல்வதுண்டு. இப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் இல்லை. குறை இயந்திரத்தில் இல்லை, அதை ஒப்படைத்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போகும் நமது பழக்கத்தில் இருக்கிறது. பத்து மெசின் வழங்கும் காசில் ஏழு மெசின் வழங்கி, எஞ்சியதைப் பயணம் செய்யும் ஓர் ஆசிரியையின் பஸ் செலவுக்கும், மாதம் ஒருமுறை வரும் ஒரு மெக்கானிக்கின் கூலிக்கும், ஊசிக்கும் நூலுக்கும் ஒதுக்கினால் என்ன? மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் அந்தப் பொதுக்கட்டடத்தின் திறப்பைப் பெண்களிடமே கொடுத்தால் என்ன? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வளையத்தை விரித்துவைக்க இடமில்லை என்பது திட்டம் தீட்டுபவர்களுக்குத் தெரியாததன்று. நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் கைவேலைத் துணிகளில் ‘தோட்டப் பெண்களின் கைவண்ணம்’ என்று மொத்தமாக எழுதும் இடத்தில் தைத்தவரின் பெயரை எழுதுவதற்கும் பெருஞ்செலவாகாது.

1998 ஆம் ஆண்டுப் படத்திலிருந்த பெண்ணின் பெயரை இம்முறை கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இங்கே வெளியிடவேண்டாம் என்று அவர் சொன்னதால் வெளியிடவில்லை. அவருக்குப் புதிய தோல்வார் ஒன்று வாங்கிவைத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் அக்கா போகிறார். என்னை எண்ணெய்க் குப்பியை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். போன தடவை நான் மறந்துவிட்டேன்.