வரிக் கணக்கும் கம்ப்யூட்டரும்

ஜூன் மாதத்தில் படிவம் 16 கைக்கு வந்ததும், பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் மாதச் சம்பளம் வாங்கும் தமிழர்களிடையே ஒரே பேச்சாக இருக்கிறது. வருமான வரிக் கணக்கை எந்தச் சாப்ட்வேரில் போடுவது? கொழிஞ்சாம்பாறைப் பள்ளி ஆசிரியர், ஒலவக்கோட்டு ரயில்வே ஊழியர், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைப் பணியாளர், மூணாறு எஸ்டேட் குமாஸ்தா ஆகிய எல்லோருடைய செல்போனுக்கும் விளம்பரம் வருகிறது. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறது ஒன்று. ரீபண்டு கூடுதலாக வரும் என்கிறது மற்றொன்று.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். வருமான வரி இலாகாவே தனது வலைத்தளத்தில் இதற்கான வசதியை இலவசமாகத் தருகிறது. நேரடியாக அங்கேயே நிரப்பலாம்; அல்லது இலாகாவின் சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் இறக்கி, நிதானமாக நிரப்பிப் பின்னர் அனுப்பலாம். சம்பளம், பிடித்த வரி, பாங்க் வட்டி ஆகியவை பெரும்பாலும் முன்னதாகவே நிரப்பப்பட்டு வருகின்றன. பாங்கும் கம்பெனிகளும் ஒருவரைப் பற்றி என்னென்ன தகவல் கொடுத்திருக்கின்றன என்பதைக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கை 2021 நவம்பரிலிருந்து கிடைக்கிறது. ஒரு வீடு, ஒரு சம்பளம், கொஞ்சம் வட்டி என்று இருப்பவர் பணம் கொடுத்துச் சாப்ட்வேர் வாங்குவது வீண் செலவு.

பின் ஏன் ஜனங்கள் தனியாரிடம் போகிறார்கள்? 2021-ஆம் ஆண்டின் அனுபவத்தை அவர்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 7-ந் தேதி இன்போசிஸ் கம்பெனி அமைத்த புதிய வலைத்தளம் தொடங்கியது; தொடங்கிய நாளிலிருந்தே தகராறு. ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்கும்படி ஆயிற்று. கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போயிற்று. பிறகு நிலைமை வெகுவாகத் திருந்தியது உண்மை. ஆனாலும் கடைசி நாள் நெரிசல் ஒழியவில்லை. 2025-இல் செப்டம்பர் 15 வரை தரப்பட்ட கெடு மேலும் ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது.

இலவசம் என்ற சொல்லையும் அளந்தே நம்ப வேண்டும். அமெரிக்காவில் டர்போடாக்ஸ் என்ற சாப்ட்வேரை விற்கும் இன்ட்யூட் கம்பெனி, இலவசமாகக் கணக்குக் கொடுத்திருக்கக் கூடியவர்களிடமும் பணம் வாங்கியது என்ற புகாரில், 2022-இல் 14 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பெரிய தேசத்திலேயே அப்படி என்றால், எல்லா விவரங்களையும் நிரப்பி முடித்த பிறகு கட்டணம் கேட்கும் திரை இங்கே வந்தால் வியப்பதற்கில்லை.

மலைப் பகுதியில் விஷயம் வேறு. நெடுங்கண்டத்திலும் வண்டன்மேட்டிலும் சம்பளக்காரர் பலருக்கு ஓர் ஏக்கராவது ஏலத்தோட்டம் இருக்கிறது. ஏலக்காய் வருமானம் விவசாய வருமானம், அதற்கு மத்திய வரி இல்லை என்பது எல்லோரும் அறிந்தது. அறியாதது இன்னொன்று உண்டு. அந்த வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ‘சஹஜ்’ என்ற எளிய படிவத்தில் கணக்குக் கொடுக்கக் கூடாது. வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் கூட்டியே பார்க்கிறார்கள்.

உதாரணமாக, 2025-26-ஆம் நிதியாண்டில் கழிவு போகச் சம்பளம் 14 லட்சம் உள்ள ஒரு தலைமையாசிரியரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் அவருக்கு வரி 90,000 ரூபாய். ஏலத்தில் 2 லட்சம் நிகர வருமானமும் இருந்தால், 16 லட்சத்துக்கான வரி 1,20,000. அதிலிருந்து 6 லட்சத்துக்கான வரி 10,000-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 1,10,000. செஸ் தனி. ஏலக்காய்க்கு வரி இல்லை என்று நம்பியிருந்தவருக்கு 20,000 ரூபாய் வித்தியாசம்! விவசாய வருமானம் உண்டா என்று கேட்காத சாப்ட்வேர் எத்தனை அழகாக இருந்தாலும் இடுக்கி மாவட்டத்துக்கு உதவாது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

அடுத்தது நிலுவைச் சம்பளம். பல ஆண்டு பாக்கி ஒரே ஆண்டில் வந்தால், அதற்குரிய வரிச் சலுகையைப் பெற, 2025-26 வரையிலான வருமானத்துக்குப் படிவம் 10-இ முதலில் போக வேண்டும். கணக்கு அதன் பின். இந்த வரிசை தவறியவர்களுக்கு நோட்டீஸ் வருகிறது. கேரளத்தில் ஆசிரியர்களே எக்செல்லில் தயாரித்து இலவசமாகப் பரப்பும் கணக்குத் தாள்கள் இந்தச் சலுகையைக் கணக்கிடப் பெரிதும் பயன்படுகின்றன, பாராட்டத்தக்க சேவை. ஆனால் அவை கணக்குப் போடத்தான். இலாகாவுக்கு அனுப்புவதற்கு அல்ல. மாநில அரசு ஊழியரின் சம்பள முறைக்கு ஏற்பச் செய்தவை என்பதால், ரயில்வேக்காரர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இயலாது.

ரீபண்டில் பங்கு கேட்டுக் கணக்குப் போட்டுத் தருகிறவர்களிடம் போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இல்லாத வாடகை, கொடுக்காத நன்கொடை ஆகியவற்றை எழுதி ரீபண்டு வாங்கிக் கொடுத்து விடுகிறார்கள். 2025 ஜூலை 14-இல் இலாகா நாடெங்கும் 150 இடங்களில் இத்தகையோரைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது. பொய்க் கணக்கு என்று தெரிந்தால் ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு அபராதம். அது பான் எண்ணுக்கு உரியவர் தலையில்தான் விழும், கமிஷன் வாங்கியவர் தலையில் அல்ல. பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் பிறரிடம் கொடுப்பது, கையெழுத்திட்ட வெற்றுச் செக்கைக் கொடுப்பதற்குச் சமம்.

இத்தனைக்கும் ஜனங்கள் இடைத்தரகரிடம் போவதற்கு ஆங்கிலமும் ஒரு காரணம். கேரள ஆட்சி மொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழில் எழுதவும், பதிலைத் தமிழில் பெறவும் உரிமை தருகிறது. வருமான வரியோ மத்திய அரசின் விவகாரம். தமிழ் மீடியத்தில் கற்பிக்கும் ஆசிரியரும் கணக்குப் படிவத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்புகிறார். 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் வகையில் 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேற்றப்பட்டதால், பழகிய பிரிவு எண்களும் மாறுகின்றன.

புதிய சட்டத்துக்கான சாப்ட்வேரில் கேள்விகளையும் குறிப்புகளையும் தமிழிலும் மலையாளத்திலும் தர இலாகா முன்வர வேண்டும். அதுவரை, ஜூலை மாதத்தில் சித்தூரிலும் மூணாறிலும் நெடுங்கண்டத்திலும் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைச் சில நாள் உட்கார வைப்பது பெரிய செலவல்ல. ஆசிரியர் சங்கங்களும் ரயில்வே தொழிற்சங்கங்களும் இந்தக் கோரிக்கையை மே மாதத்திலேயே எழுத்து மூலம் கொச்சி அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கலாம்.