கடல் மறைத்த ஏடுகள்

தெள்ளாற்றில் இருந்துகொண்டு சமுத்திரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நமது ஊருக்குக் கடலுமில்லை, கப்பலுமில்லை. ஆயினும், ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே பொருது வென்று 'தெள்ளாறெறிந்தவன்' எனப் பெயர் கொண்ட மூன்றாம் நந்திவர்மனுக்கு அவனிநாரணன் என்றும் ஒரு விருதுப் பெயருண்டு. தாய்லாந்து தேசத்துத் தகுவாபாவில் அகப்பட்ட தமிழ்க் கல்வெட்டில் ஒரு குளம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. அக்காலத்து வணிகரைச் சுமந்து சென்ற மரக்கலங்கள் என்னவாயின? அவற்றைக் கரையில் தேடிப் பயனில்லை.

கடலடியில் தேடுவதற்கென்றே ஒரு சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது. 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் காஞானும் காற்றுக் குப்பியை முதுகில் சுமந்து முழுகும் கருவியைச் சமைத்தனர். 1960-ல் ஜார்ஜ் பாஸ் என்ற அமெரிக்கர், துருக்கியின் கெலிடோனியா முனையருகே மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கப்பலொன்றை ஆராய்ந்தார். கண்டதையெல்லாம் வாரிக்கொண்டு மேலே வராமல், ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து, படம் வரைந்து, பிறகே எடுத்தார். பொருள் சொல்லாத செய்தியை அது கிடந்த இடம் சொல்லும். இதை நம் மாணாக்கருக்கு எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

நம் நாட்டில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார், எஸ். ஆர். ராவ் முதலிய அறிஞர்களைக் கொண்டு, துவாரகையிலும் பூம்புகாரிலும் முழுகிப் பார்த்தனர். பூம்புகாருக்கு அப்பால் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவான ஓர் அமைப்பு 1991-ல் தென்பட்டது. பத்தாண்டு கழித்து அங்கே முழுகிய கிரஹாம் ஹான்காக் என்ற ஆங்கில எழுத்தாளர், அது பதினோராயிரம் ஆண்டுக்கு முந்திய நகரமாகலாம் என்றார். கேட்கக் காது குளிர்கிறது! ஆனால் அது மனிதன் கட்டியதா, இயற்கையில் அமைந்ததா என்பதே இன்னும் தீரவில்லை. தீராத வழக்கில் நாமே தீர்ப்பெழுதிப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்வது அடாது. மணிமேகலை சொல்லும் கடற்கோளுக்கு இவ்வித உபகாரம் வேண்டியதில்லை. கீழையூரில் தரைக்கடியில் கிடைத்த செங்கற் படகுத் துறையே புகாரின் தொன்மைக்குப் போதிய சாட்சி. அந்தக் கடலிலேயே ஈயக் கட்டிகளோடு மூழ்கிய கப்பலொன்றும் அகப்பட்டது; கட்டிகளில் 1791, 1792 என ஆண்டு பொறித்திருந்தது. அங்கே எவருக்கும் சண்டையில்லை!

மாமல்லபுரத்திலும் 2002-ல் கரைக்குச் சில நூறு மீட்டர் அப்பால், ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில், சுவர்களின் சிதைவுகள் காணப்பட்டன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப் பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் பழைய செங்கல் முருகன் கோயில் வெளிப்பட்டது. உயிர்களைக் கொண்டுபோன அலை ஒரு கோயிலைக் காட்டிற்று என்று மகிழ நமக்கு மனம் வரவில்லை.

இவ்வாராய்ச்சியில் பட்டதாரிகளுக்கு முன்னே நிற்பவர் மீனவர். வலை எங்கே சிக்கும் என்பதை அவரே அறிவார். இலங்கையின் கொடவாயவில், இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையதான கப்பற் சிதைவை 2003-ல் கண்டவர்கள் சங்கு குளிக்கும் உள்ளூர்வாசிகளே. கண்ணாடிப் பாளங்கள் அதில் இருந்தன.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் தொல்லியலுக்கென ஒரு துறை இருக்கிறது. 2025-ல் மாநிலத் தொல்லியல் துறையாரும் பூம்புகார்க் கடலில் மறுபடி இறங்கினர். நம் வட்டாரத்து ஏரிகளில் கரைக்குக் கரை நீந்தும் பையன்கள் பலர். வைத்தியமும் இன்ஜினீயரிங்கும் தவிர வேறு படிப்பில்லை என்றிருக்கும் பெற்றோர், அவர்களில் ஒருவனையாவது தஞ்சைக்கு அனுப்பி வைக்கலாகாதா?