வாசல் காவலாளியை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து நம் வயதுக்காரர்கள் பலருக்கும் ஒரே கவலை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது? விவரம் தெரிந்த பிள்ளைகள் சிலர் உடனே ஒரு யோசனை சொல்கிறார்கள்: "ஃப்ரீ பி.எஸ்.டி. போட்டுக்கொள்ளுங்கள் சார். இலவசம், வைரஸ் பயமும் இல்லை." பி.எஸ்.டி. மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் இந்த யோசனையை எதிர்க்கிறேன்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் பிறந்த யூனிக்ஸ் குடும்பம் இது. 1983-இல் வந்த 4.2 பி.எஸ்.டி.தான் இன்டர்நெட்டின் அடிப்படையான டி.சி.பி./ஐ.பி.யைப் பல இடங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1992-இல் ஏ.டி. அண்ட் டி.யின் துணை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1994-இல் அது சமரசமாகி முடிவதற்குள் லினக்ஸ் முந்திக்கொண்டது. இன்று ஃப்ரீ பி.எஸ்.டி., நெட் பி.எஸ்.டி., ஓபன் பி.எஸ்.டி. ஆகியவை இந்தக் குடும்பத்தின் முக்கியமான வாரிசுகள்.

சர்வர் வேலைக்கு இவற்றின் அருமை தனி. லினக்ஸில் கெர்னல் ஒரு வீட்டுச் சமையல், மற்ற கருவிகள் பல வீட்டுச் சமையல். பி.எஸ்.டி.யில் அடிப்படை முழுவதும் ஒரே குழுவின் கைப்பக்குவம். கூடவே வரும் கையேடுகள் படித்தால் புரியும்படி இருக்கும். ஃப்ரீ பி.எஸ்.டி.யில் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை இருப்பதால், ஒரு மாற்றம் தவறிப்போனால் பழைய நிலைக்கு உடனே திரும்பலாம். ஒரு சேவை கெட்டால் மற்றவற்றைத் தொடாதபடி அடைத்துவைக்கும் 'ஜெயில்' வசதி அதில் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தொலைவிலிருந்து சர்வரை இயக்க உலகமே பயன்படுத்தும் ஓபன் எஸ்.எஸ்.எச்., ஓபன் பி.எஸ்.டி. குழு தந்த கொடை. ஒரே ஃப்ரீ பி.எஸ்.டி. சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியதாக 2012-இல் வாட்ஸ்அப் அறிவித்தது.

சர்வரிலும் குறை இல்லாமல் இல்லை. டாக்கர் போன்ற இன்றைய கருவிகள் லினக்ஸை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. பி.எஸ்.டி. தெரிந்த ஆள் கிடைப்பதும் கடினம். ஆனாலும் கோப்பு சர்வர், ஃபயர்வால், மெயில் சர்வர் போன்றவற்றுக்குக்கூட பி.எஸ்.டி.யை யோசித்துப் பார்க்காமலே ஒதுக்குகிறார்களே, அது வெறும் பழக்கதோஷம்.

வீட்டு மேசைக்கு வந்தால் கதையே வேறு. வைஃபை சில்லு, கிராஃபிக்ஸ் அட்டை செய்யும் கம்பெனிகள் விண்டோஸுக்கு டிரைவர் எழுதும். லினக்ஸுக்கும் ஓரளவு எழுதும். பி.எஸ்.டி.க்கு எழுதுபவர்கள் மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் டிரைவர்களையே லினக்ஸிலிருந்து எடுத்துத்தான் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 802.11ஏ.சி. என்ற வைஃபை தரம் 2013-இல் வந்தது. இன்டெல் சில்லுகளில் அந்த வேகம் ஃப்ரீ பி.எஸ்.டி.க்குக் கிடைத்தது 2025-இல்! ஓபன் பி.எஸ்.டி.யோ புளூடூத்தை 2014-இல் அடியோடு நீக்கிவிட்டது. காதுக்கருவியை புளூடூத்தில் இணைத்துக் கேட்கும் நம்மைப் போன்றவர்கள் எங்கே போவது?

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். நெட்ஃப்ளிக்ஸ் படங்களை உலகெங்கும் அனுப்பும் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீ பி.எஸ்.டி. ஆனால் உங்கள் மேசையில் ஃப்ரீ பி.எஸ்.டி. போட்டால், அந்தப் படத்தைப் பார்க்கச் சுற்றுவழி தேட வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவனுக்கே இலை இல்லை!

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் லேப்டாப்பில் உறவுக்காரப் பையன் ஆசையாக இதைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வைஃபை வரவில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகளோடு பத்து நாள் பேச முடியாமல் அந்த அம்மா தவித்தார். அந்தப் பையனுக்கு அது ஒரு பரிசோதனை. அவருக்கோ அந்த லேப்டாப்தான் மகளின் முகம். இப்படி ஒரு முறை சூடுபட்டவர் இலவச மென்பொருள் என்றாலே பத்தடி தள்ளி நிற்பார். பி.எஸ்.டி.க்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது எதிரிகள் அல்ல, இந்த அதீத ஆர்வலர்களே.

"கோஸ்ட் பி.எஸ்.டி. எளிதாக இருக்குமே" என்பார்கள். நிறுவுவது எளிதுதான். ஆனால் இல்லாத டிரைவரை அதுவும் கொண்டுவராது.

எனவே பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை முதலில் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர், வீடியோ அழைப்பு, தமிழ்த் தட்டச்சு ஆகிய ஐந்தும் சரியாக வந்த பிறகே நிறுவச் சொல்லுங்கள். யோசனை சொல்லும் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, நாளைக்கு இது நின்றுபோனால் நீ வந்து பார்ப்பாயா?" அதற்குத் தயங்காமல் 'வருவேன்' என்று சொல்லாதவரை, உங்கள் கம்ப்யூட்டரைத் தொட விடாதீர்கள்.