ஐந்து நிமிடத்தில் எண்ணிய குரங்குகள்

2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் குரங்கும் மயிலும் எண்ணப்பட்டன. அவரவர் வளவிலும் தோட்டத்திலும் நிற்பவற்றை அவரவரே எண்ணிக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே கூட்டம் இரண்டு வளவுகளில் எண்ணப்படவில்லை என்பதற்கு யார் பொறுப்பு? காட்டுக்குள் நின்றவற்றை எண்ணியவர் யார்?

வன்னிக் கமக்காரரின் துயரத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. 2009 இன் பேரழிவுக்குப் பின் மீளக் குடியமர்ந்து தென்னம்பிள்ளை நட்டவர்கள், அது காய்க்கும் காலத்தில் குரும்பைகளைக் குரங்குகளிடம் பறிகொடுக்கின்றனர். கச்சானுக்கும் சோளத்துக்கும் அதே கதிதான். அவர்களுக்கு வேண்டியது தீர்வு. தீர்வின் தோற்றம் அன்று.

2023 இல் அன்றைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர, ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார். விடயம் நீதிமன்றம் சென்றபின் அது கைவிடப்பட்டது. அனுப்பியிருந்தால் தொல்லை தீர்ந்திருக்குமா?

எந்த உயிரினமும் எல்லையின்றிப் பெருகுவதில்லை. உணவு, நீர், நோய், எதிரி என்பன அதற்கு வரம்பிடுகின்றன. பொலன்னறுவையில் 1968 முதல் செங்குரங்குகளை ஆராய்ந்த வொல்ஃப்காங் டிட்டஸ், பிறப்பவற்றில் பெரும்பாலானவை பருவமடையும் முன்பே இறப்பதைக் கண்டார். உணவுக்கான போட்டியில் முதலில் தோற்பவை குட்டிகளே. நூறு குரங்குகளுக்கான உணவுள்ள இடத்திலிருந்து ஐம்பதைப் பிடித்து அகற்றுங்கள். எஞ்சிய ஐம்பதுக்கும் இரட்டைப் பங்கு கிடைக்கும். இறந்திருக்கவேண்டிய குட்டிகள் பிழைக்கும். சில ஆண்டுகளில் இழந்த தொகை மீளும்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை குரங்குகள் என்பதன்று. அவற்றுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பதே. பாலையும் வீரையும் நின்ற காட்டை வெட்டினோம். மூடப்படாத குப்பைமேடுகளை ஊரெங்கும் திறந்து வைத்தோம். காட்டின் வரம்பை உடைத்துவிட்டு விருந்தை நாமே விரித்திருக்கிறோம். தோட்டத்தில் மலிந்து தெரியும் இந்தச் செங்குரங்கு இலங்கைக்கு மட்டுமே உரியது. பன்னாட்டுச் செம்பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். வாழ்விடத்தை இழந்த உயிர், வீட்டு வாசலில் கூட்டமாய்த் தெரிகிறது, அவ்வளவே.

குப்பையை மூடுங்கள். எஞ்சிய காட்டை வெட்டாதீர்கள். தோட்டக் காவலைக் கமக்காரரின் தனிச் சுமையாக்காது கிராமத்தின் கூட்டுப் பணியாக்கி, அதற்கு அரசு செலவிடட்டும். அழிந்த பயிருக்கு இழப்பீடு கொடுங்கள். இவை ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைகள் அல்ல. அதனால்தான் எவரும் தொடங்கவில்லையோ?